தராசில் நிற்காத ஐந்து பக்கம்

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தொப்பூர்க் கணவாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரு புறமும் மலைகள். நடுவே வளைந்து நெளிந்து ஏறும் நெடுஞ்சாலை. காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசியச் சாலை இதுதான். நெல்லைச் சீமையிலிருந்து மதுரை, சேலம் வழியாகப் பெங்களூர் போகிறவர்களும் இந்தக் கணவாயைக் கடந்தே ஆக வேண்டும்.

கணவாயை அடுத்து ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. வருவது காரா, பஸ்ஸா, லாரியா, லாரியானால் எத்தனை அச்சு என்று பார்த்து அது பணம் வாங்கும். இன்று எத்தனை வண்டிகள் போயின என்று கேட்டால் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லிவிடும். ஆனால் அந்த லாரியில் போனது நெல் மூட்டையா, உயிர் காக்கும் மருந்தா, வெறும் காலிப் பெட்டியா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தெரியாது!

விஞ்ஞான உலகிலும் இப்படி ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றை எத்தனை பேர் எடுத்துக் காட்டினார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இன்று வேலை கிடைக்கிறது, பதவி உயர்வு கிடைக்கிறது, ஆராய்ச்சிக்குப் பணமும் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் சரக்கின் எடை தெரிகிறதா? சென்னையில் எழுதப்பட்ட ஓர் ஐந்து பக்கக் கட்டுரையின் கதையைக் கேட்டால் வாசகர்களுக்கே விடை விளங்கிவிடும்.

வக்கீல்கள் காட்டிய வழி

ஒருவர் தமது ஆராய்ச்சிக் கட்டுரையில் இன்னொருவருடைய கட்டுரையை ஆதாரமாகக் காட்டினால் அதற்கு மேற்கோள் என்று பெயர். வக்கீல் எழுந்து நின்று, "இன்ன ஆண்டில் இன்ன வழக்கில் இப்படித் தீர்ப்பாகியிருக்கிறது" என்று சொல்வதைப் போன்றதுதான் இதுவும்.

உண்மையில் இந்த எண்ணிக்கை முறை பிறந்ததே கோர்ட்டு வாசலில்தான். எந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது என்று தேடிக் கண்டுபிடிக்க அமெரிக்க வக்கீல்களுக்கு 1873-ம் ஆண்டிலிருந்தே ஷெப்பர்டு என்பவர் தொடங்கிய அட்டவணை ஒன்று இருந்தது. அதைப் பார்த்த யூஜின் கார்பீல்டு என்ற அமெரிக்கர், விஞ்ஞானத்துக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று 1955-ல் எழுதினார். 1960-களில் பிலடெல்பியா நகரிலிருந்து அவருடைய விஞ்ஞான மேற்கோள் அட்டவணை வெளிவரத் தொடங்கியது. வேண்டிய கட்டுரையைத் தேடி எடுக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் நோக்கம். தேட வைத்த விளக்கு நாளடைவில் தராசாகிவிட்டது!

நூல்களையும் வாசிப்பையும் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணித முறையில் ஆராயும் ஒரு துறை வேண்டும் என்று 1948-லேயே இங்கிலாந்தில் கூடிய நூலகர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

அண்மைக் காலத்தில் வந்த அளவுகோல் ஒன்று உண்டு. ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி 2005-ல் சொன்னது அது. ஒருவர் எழுதியவற்றில் 30 கட்டுரைகளுக்குத் தலைக்கு 30 மேற்கோளாவது கிடைத்திருந்தால் அவருடைய எண் 30. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் ஆயுளில் ஐந்தே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் உலகமே கொண்டாடினாலும் அவருடைய எண் 5-க்கு மேல் ஏறவே ஏறாது. விந்தையல்லவா?

கங்காரு வாலில் ஒரு முடிச்சு

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். ஜி. என். ராமச்சந்திரன் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து 'ஜி' கோபாலசமுத்திரம் என்ற நெல்லைச் சீமைக் கிராமத்தைக் குறிக்கிறது. தகப்பனார் கணித ஆசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சார எஞ்சினீயரிங் படிக்கச் சேர்ந்தவரை, அங்கிருந்த ஸர் சி. வி. ராமன் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952-ல் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் துணைவேந்தராயிருந்த சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பௌதிகத் துறைத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொல்லாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் புரதம் அது. கிண்டியில் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சுறாத் துடுப்பு, கங்காருவின் வால் தசைநாண் என்று கிடைத்ததையெல்லாம் எக்ஸ்ரேயில் வைத்துப் படமெடுத்தார்கள். கோபிநாத் கர்த்தா என்பவரோடு சேர்ந்து ராமச்சந்திரன் 1954-ல் விடையை வெளியிட்டார். மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்பதுதான் கொல்லாஜன் என்பது அவர்கள் முடிவு. மூன்று பிரி சேர்த்துத் திரித்த கயிறு போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உடனே வந்தது கண்டனம். முறுக்கு சரி, ஆனால் சென்னைக்காரர்கள் போட்ட மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, அப்படி நெருங்க முடியாது என்று ரிச், கிரிக் ஆகிய இருவரும் எழுதினார்கள். கிரிக் சாதாரணமானவரா? மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் இரட்டை முறுக்கைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்!

வேறொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டு பதிலுக்குப் பதில் எழுதியிருப்பார். ராமச்சந்திரன் வேறு விதமாக யோசித்தார். அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது? இதற்குத் திட்டமான விடை உண்டா? அதுவரை அமைப்புத் தெரிந்த பொருள்களின் அளவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார். கண்டனமே புதிய ஆராய்ச்சிக்கு விதையாயிற்று.

நெரிசல் பஸ்ஸும் நாலு தீவுகளும்

புரதம் என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றது. அமினோ அமிலங்கள்தான் மணிகள். ஒவ்வொரு மணியிலும் இரண்டு கீல்கள் உண்டு. அந்தக் கீல்கள் எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்தே மாலை சுருள்வதும் மடிவதும். அந்த இரண்டு கோணங்களுக்கும் பை, ஸை என்று கிரேக்க எழுத்துக்களின் பெயர் வைத்தார்கள்.

கீல் இருக்கிறது என்பதற்காக நினைத்தபடியெல்லாம் திரும்ப முடியுமா? நெரிசலான டவுன் பஸ்ஸில் நிற்கிறீர்கள். உங்கள் முழங்கைக்கும் மூட்டு இருக்கிறது, தோளுக்கும் மூட்டு இருக்கிறது. இருந்தும் கையை இஷ்டம்போல வீசிப் பாருங்கள். பக்கத்திலிருப்பவர் விலாவில் இடிக்கும், சண்டை வரும்! அணுக்களுக்கும் அப்படியே. சில கோணங்களில் திரும்பினால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

எந்தக் கோணங்களில் இடிக்காது? ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இன்றுபோல் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இருந்த காலமா அது? ஒவ்வொரு கோணமாக, ஒவ்வொரு ஜோடி அணுவாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். விடையைச் சதுரத் தாளில் வரைந்தபோது ஒரு தேசப்படம் வந்தது. பெரும்பகுதி தடை செய்யப்பட்ட கடல். நடுவே அனுமதி பெற்ற சில தீவுகள். பாலிங் முன்பே சொன்ன சுருள் வடிவமும், தகடு போன்ற மடிப்பும், கொல்லாஜனின் முறுக்கும் அந்தத் தீவுகளுக்குள்ளேயே போய் அழகாக உட்கார்ந்துகொண்டன.

1963-ம் ஆண்டில் மூலக்கூறு உயிரியல் சஞ்சிகையின் 7-வது தொகுதியில், 95-ம் பக்கம் தொடங்கி 99-ம் பக்கத்தில் அந்தக் கட்டுரை முடிந்துவிட்டது. ஐந்தே பக்கம்!

கட்டுரை வந்தபோது உலகத்தில் அமைப்புத் தெரிந்த புரதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1971-ல் புரதங்களின் அமைப்புகளைச் சேர்த்து வைக்க ஒரு வங்கி தொடங்கினார்கள். அப்போது இருப்பு 7. இன்று அது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் புதிய அமைப்பைக் கண்டுபிடித்து அந்த வங்கியில் செலுத்தினாலும் அதற்குச் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று, இது ராமச்சந்திரன் படத்தின் தீவுகளுக்குள் இருக்கிறதா என்பது. பெரும்பகுதி தீவுக்குள் இருந்தால் நல்ல வேலை. வெளியே கடலில் மிதந்தால், எங்கே பிசகு நேர்ந்தது என்று மறுபடி பார்க்க வேண்டியதுதான். 2024-ல் புரத அமைப்பைக் கம்ப்யூட்டர் கொண்டு முன்கூட்டியே சொன்னவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது அல்லவா? அவர்களுடைய யந்திரம் சொல்லும் வடிவங்களையும் இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

மறைந்துபோன மேற்கோள்

சரி, இவ்வளவு புகழ் பெற்ற கட்டுரைக்குச் சுங்கச்சாவடியில் என்ன கணக்கு? உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளின் பட்டியலை 2014-ல் 'நேச்சர்' சஞ்சிகை வெளியிட்டது. முதலிடம் எதற்கு? புரதத்தின் அளவைச் சோதிக்கும் ஒரு முறையை 1951-ல் லோரி என்பவரும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்கு. 3 லட்சத்துக்கு மேல் மேற்கோள்! உயிர்களின் செய்திகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் படிக்கும் உயிர்த் தகவலியல் துறைக்கும் நல்ல இடம். 1990-ல் வந்த பிளாஸ்ட், 1994-ல் வந்த கிளஸ்டல் என்ற இரண்டு ஒப்பீட்டு முறைகளும் முதல் 15 இடங்களுக்குள் இருந்தன. இரட்டை முறுக்கைச் சொன்ன வாட்ஸன், கிரிக் கட்டுரையோ 100-க்குள் இல்லை. ராமச்சந்திரனின் ஐந்து பக்கமும் இல்லை.

காரணம் என்ன? ஒரு முறையையோ கருவியையோ உபயோகிக்கிறவர், எதை உபயோகித்தேன் என்று எழுதியாக வேண்டும். ஆகவே கருவிக் கட்டுரைக்கு மேற்கோள் குவிகிறது. அடிப்படை உண்மை அப்படியல்ல. அது பாடப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. புவி ஈர்ப்பைப் பற்றி எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் நியூட்டனுடைய புத்தகத்தையா எடுத்துக் காட்டுகிறார்?

இன்னும் வேடிக்கையைக் கேளுங்கள். 1993-ல் லண்டனில் லஸ்கோவ்ஸ்கி, ஜேனட் தார்ன்டன் முதலியோர் புரோசெக் என்ற கம்ப்யூட்டர் முறையை வெளியிட்டார்கள். புரத அமைப்பு சரியா என்று சோதிப்பது அதன் வேலை. அதன் முக்கியமான சோதனை எது தெரியுமோ? ராமச்சந்திரன் படம்! அந்தப் புரோசெக் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள், படத்தை முதன்முதலில் வரைந்த 1963-ம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்தவற்றை விட மிக அதிகம். கிணறு வெட்டியவர் பெயர் பேச்சு வழக்கில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ராட்டினத்தின் பெயர்தான் ஏறுகிறது.

இதற்குச் சமூக இயல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு பெயரே வைத்திருக்கிறார். ஒரு கருத்து எல்லோருடைய அறிவிலும் கலந்து ஒன்றாகிவிடும்போது, அது யாருடையது என்பது மறைந்துபோகிறது என்றார் அவர். பாலில் கரைந்த சர்க்கரையைத் தேடினால் கண்ணுக்குத் தெரியுமா? ஆனால் இனிப்பு இருக்கிறதே!

கணவாயில் காயம் பட்டவர்

இனி மறுபடியும் தொப்பூருக்கு வருவோம். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்தை நோக்கி வரும் லாரிகளுக்கு இந்தக் கணவாய் நீண்ட இறக்கம். டீஸல் மிச்சமாகும் என்று கியரை எடுத்துவிட்டு வண்டியை ஓடவிடுகிறவர்களும் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போவதும் உண்டு. 2020 டிசம்பரில் இங்கே ஒரு லாரி பல வண்டிகளின் மீது மோதி 4 பேர் மாண்டனர். இப்படி விபத்து நேரும்போது காயம் பட்டவர்களைத் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ கொண்டு ஓடுகிறார்கள்.

தலையில் அடி என்றால் டாக்டர் முதலில் என்ன சொல்கிறார்? "ஸ்கான் எடுங்கள்" என்கிறார். நோயாளியைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே பாய்கிறது. கிடைப்பதெல்லாம் வெறும் நிழல்கள். அந்த நிழல்களைச் சேர்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று காட்டும் படமாக மாற்றுவது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைச் சுருக்கமாகவும் விரைவாகவும் முடிக்க ஒரு வழியை 1971-ல் அமெரிக்க விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில் எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஏ. வி. லக்ஷ்மிநாராயணன். மற்றவர் யார்? அதே ஜி. என். ராமச்சந்திரன்!

வான ஆராய்ச்சிக்காகப் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானத்தில் பல கைகள் சேர்ந்துதான் தேர் நகர்கிறது. 1971 அக்டோபரில் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியின் தலை ஸ்கான் செய்யப்பட்டது. அந்த முதல் யந்திரம் வேறு கணக்கில் ஓடியது. விரைவிலேயே ராமச்சந்திரன், லக்ஷ்மிநாராயணன் வழியைச் சேர்ந்த கணக்குகள் அதன் இடத்தைப் பிடித்துப் பல்லாண்டுகள் நிலைத்தன. ஸ்கான் யந்திரத்துக்காக 1979-ல் ஹவுன்ஸ்பீல்டு, கார்மாக் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ராமச்சந்திரனுக்கு 1961-ல் பட்நாகர் பரிசும், 1977-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும், 1999-ல் படிக ஆராய்ச்சிக்கான எவால்டு பரிசும் கிடைத்தன. நோபல் கிடைக்கவில்லை. 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் அவர் காலமானார்.

நள்ளிரவில் ஸ்கான் எடுத்துக் காப்பாற்றப்பட்ட ஒரு லாரி டிரைவர், பிழைத்தெழுந்து மேற்கோள் எழுதப் போகிறாரா? ஸ்கான் அறையில் இருப்பவர்தான் எழுதுவாரா? எந்த அட்டவணையிலும் அது ஏறாது.

எண்ணுவது தவறா?

அப்படியானால் எண்ணவே வேண்டாமா? அப்படிச் சொல்வதும் நியாயமல்ல. சிபாரிசுக்கு ஆளில்லாத ஒரு கிராமத்துப் பெண் நல்ல கட்டுரை எழுதி, அதைத் தேசாந்தரத்தில் நூறு பேர் எடுத்துக் காட்டினால், அந்த எண்ணிக்கையே அவளுக்குச் சாட்சி. பெரிய மனிதரின் கடிதத்தைவிட அது மேலானது.

தராசே தெய்வமாகும்போதுதான் விபரீதம் விளைகிறது. எண்ணிக்கைக்காக ஒரே ஆராய்ச்சியை நாலு துண்டாக்கி நாலு கட்டுரையாக எழுதுகிறவர்கள் உண்டு. நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பணம் கொடுத்தால் கட்டுரை எழுதித் தரும் ஆலைகளே கிளம்பிவிட்டன. 2023-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானிகளே இதைக் கண்டு கவலைப்பட்டு 2012-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். எந்தச் சஞ்சிகையில் வந்தது என்று பார்த்து ஆளை மதிப்பிடாதீர்கள், என்ன எழுதினார் என்று பாருங்கள் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும், டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை பிரசுரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக் கழக மானியக் குழு 2022-ல் நீக்கியது.

இந்த அவசரம் 1950-களில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இருந்திருந்தால்? கிரிக் கண்டனம் செய்ததும் கொல்லாஜனைக் கைவிட்டுவிட்டு, சீக்கிரம் முடிகிற நாலு சில்லறைக் கட்டுரைகளை எழுதியிருக்கலாம். கணக்கும் ஏறியிருக்கும். கண்டனத்துக்கும் தேசப்படத்துக்கும் இடையே ஓடிய ஆண்டுகளை யாரும் அவரிடம் பறிக்கவில்லை. ஆகவே ஐந்து பக்கம் பிறந்தது.

இன்று தர்மபுரியிலும் சேலத்திலும் உயிர்த் தகவலியல் படிக்கும் பிள்ளைகள், கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ராமச்சந்திரன் படம் திரையில் விரிகிறது. அவர்களை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு, அவர்கள் எழுதியதில் சிறந்த ஒரே ஒரு கட்டுரையை வாங்கி முழுக்கப் படித்துப் பாருங்கள். ஐந்து பக்கம் படிக்க எவ்வளவு நேரமாகிவிடும்?

அடுத்த முறை தொப்பூர்ச் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது, முன்னால் நிற்கும் லாரியைக் கொஞ்சம் பாருங்கள். அச்சை எண்ணுகிறவர் எண்ணட்டும். தார்ப்பாய்க்குள் இருப்பது என்ன என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும்.